குளியலறைக்கு ஒரே நிற டைல்: திருகோணமலை வீட்டுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூப்போட்ட டைலில் சிறு பிழை பூவுக்குள் மறைந்துவிடும். ஒரே நிற டைலில் பிழைக்கு ஒளிய இடமில்லை. கோணிய கோடு, உப்புக் கறை, பெட்டிக்குப் பெட்டி மாறும் நிறம் எல்லாம் கதவைத் திறந்தவுடனே கண்ணில் படும். நன்றாகத் தெரிவு செய்து பதித்தால் அதைவிட அமைதியான, பழசாகாத குளியலறை வேறில்லை என்பதும் அதே அளவு உண்மை. கீழுள்ள பதில்கள் உவர்மலை, உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் போன்ற கரையோர வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

முதலில் எதைத் தீர்மானிப்பது? நிறமா, அளவா, விலையா?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். அடுத்தது வெளிச்சம். நிறம் மூன்றாவதுதான்.

தண்ணீரைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. கடையில் கறுப்புப் பளபளப்பு டைல் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, குளிக்கும் தண்ணீரில் ஐந்தாறு துளி விட்டு, துடைக்காமல் வெயிலில் காயவையுங்கள். காய்ந்த இடத்தில் ஒன்றுமே தெரியாவிட்டால் எந்த நிறத்தையும் யோசிக்கலாம். மெல்லிய வளையம் தெரிந்து, விரலால் தேய்த்ததும் அது போய்விட்டால் தண்ணீர் நடுத்தரம். வெள்ளை வட்டம் சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டு ஈரத்துணிக்கும் போகாவிட்டால் அது கடின நீர். அந்த வீட்டில் கடும் நிறப் பளபளப்புச் சுவர் தினமும் துடைப்பவருக்கு மட்டுமே சரிவரும்.

குழாய்த் தண்ணீரும் கிணறும் இரண்டும் உள்ள வீடென்றால் இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். மழைக்குப் பிறகு தெளிந்து, ஓகஸ்ட், செப்டெம்பரில் சவர் ஏறும் கிணறுகள் கரையோரத்தில் நிறைய உண்டு. ஆகவே கோடையில் செய்த சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

எங்கள் கிணறு சவர். எந்த நிறம் தாங்கும்?

கறை எந்த நிறத்தில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். கல்சியம் உள்ள கடின நீர் வெள்ளையாகப் படியும். இரும்பு உள்ள நீர் செம்மஞ்சளாக, தேநீர்ச் சாயம்போல் இறங்கும். வாளியின் உட்புறத்தையும் கொமட்டின் பின்சுவரையும் பார்த்தால் உங்கள் வீட்டில் எது என்பது தெரிந்துவிடும்.

வெள்ளைப் படிவுக்கு நடுத்தர நிறங்கள் நல்லவை: சாம்பல் கலந்த பச்சை, மங்கிய நீலம், இளஞ்சாம்பல், மணல் நிறம். படிவு விழுந்தாலும் அதற்கும் டைலுக்கும் நிற வேறுபாடு குறைவு என்பதால் கண்ணை உறுத்தாது. கறுப்பு, கடற்படை நீலம், கரும்பச்சை ஆகிய மூன்றும் வெள்ளைப் படிவைத் துல்லியமாகக் காட்டும்.

இரும்புக் கறைக்குக் கணக்கு தலைகீழ். அங்கே தூய வெள்ளையும் இளநீலமும்தான் முதலில் அசிங்கமாகும். மண்சிவப்பு, மணல் நிறம், மங்கிய மஞ்சள், கிறீம் நிறத்தில் சற்றுக் கடும் வகை ஆகியவை தாங்கும்.

இரண்டும் சேர்ந்த கிணறுகளும் உண்டு. அங்கே மணல் நிறத்துக்கும் இளம் பழுப்புக்கும் இடையில் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். கடும் நிறத்தில் ஆசை விடவில்லையென்றால் தண்ணீர் தெறிக்காத சுவருக்கு, அதாவது கதவுப் பக்கத்துக்கோ பேசினுக்கு மேலே கண்ணாடிச் சுவருக்கோ, அதைக் கொண்டுபோங்கள். ஷவர் சுவருக்கு வேண்டாம்.

கடையில் பார்த்த பச்சை வீட்டில் சாம்பலாகத் தெரிகிறது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. கடையில் மேலிருந்து பல பல்ப் வெளிச்சம் ஒரே நேரத்தில் விழும். உங்கள் குளியலறையில் ஒரு சிறிய யன்னலும் ஒரு பல்பும்தான். யன்னலுக்கு வெளியே வேப்பமரமோ மாமரமோ நின்றால் உள்ளே வரும் பகல் வெளிச்சமே பச்சை கலந்துதான் வரும். இளஞ்சிவப்பு அதில் மங்கும், பச்சை கூடும். எதிரே பக்கத்து வீட்டு மஞ்சள் மதில் இருந்தால் இளநீலம் பச்சைப் பக்கம் சாயும்.

பல்பின் வேலை இன்னும் பெரியது. 2700 கெல்வின் பல்ப் மஞ்சளாக எரியும்: நீலமும் சாம்பலும் அழுக்காகத் தெரியும், கிறீமும் மண்சிவப்பும் அழகாகத் தெரியும். 6500 கெல்வின் வெள்ளை பல்ப் நீலத்தைத் தூக்கிக் காட்டும். கிறீம் வெளிறிப்போகும், முகமும் வெளிறும். நடுவிலுள்ள 4000 கெல்வின் எல்ஈடி குளியலறைக்கு ஏற்றது. பல்ப் பெட்டியில், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ என்ற எண் 90 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவு பல்புகளில் அது 80க்கு அருகில்தான் இருக்கும். அதில் சிவப்பு சார்ந்த நிறங்கள் உயிரற்றுத் தெரியும்.

ஆகவே இரண்டு டைலை வாங்கி வந்து, பதிக்கப்போகும் சுவரிலேயே நிமிர்த்தி வையுங்கள். தரையில் கிடத்திப் பார்த்தால் நிறம் வேறு, சுவரில் நிற்கும்போது வேறு. காலை, நண்பகல், இரவு பல்ப் வெளிச்சம் என மூன்று நேரமும் பாருங்கள். மட் டைலென்றால், அதாவது பளபளப்பில்லாத டைலென்றால், நனைத்தும் பாருங்கள்: நனைந்த மட் ஒரு படி கடுமையாகும். ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. சுவர் முழுவதும் ஒரே நிறம் வரும்போது ஒன்றிலிருந்து ஒன்று நிறம் தெறித்து, மாதிரியில் கண்டதைவிடக் கடுமையாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு படி இளம் நிறத்தை எடுங்கள்.

5 அடிக்கு 8 அடி அறை. கடும் நிறம் போட்டால் சிறுத்துவிடுமா?

சிறுக்க வைப்பது நிறத்தின் கடுமையல்ல, நிறம் பல இடத்தில் வெட்டுப்படுவது. மூன்று அடிவரை நீலம், நடுவில் பூப்பட்டை, மேலே வெள்ளை என்று கட்டினால் சுவர் மூன்றாக உடைந்து அறை குறுகும். முழுச் சுவரும் ஒரே கடும் பச்சையானால் மூலைகள் மங்கி, எல்லை எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது; அறை சிறுத்ததாகத் தோன்றாது. ஆனால் கடும் நிறத்துக்கு வெளிச்சம் இரட்டிப்பாக வேண்டும். கூரையை வெள்ளையாக வைத்து, கண்ணாடிக்கு மேலே இன்னொரு விளக்கும் போட முடிந்தால் துணிந்து போடலாம்.

எத்தனை நிறம் சேர்க்கலாம்?

சுவருக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. மூன்றாவது நிறம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது: கொமட்டும் பேசினும். இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கொமட் தூய வெள்ளையாக இருக்க, சுவருக்கு மஞ்சள் கலந்த வெள்ளை எடுத்தால் சுவர் அழுக்கேறியதாகவே தெரியும். வெள்ளைச் சுவர்தான் வேண்டுமென்றால் பேசின் வெள்ளையோடு ஒத்த வெள்ளையையே எடுங்கள். கிறீம் வேண்டுமென்றால் வேறுபாடு தெளிவாகத் தெரியுமளவுக்குக் கிறீமாக எடுங்கள். பழைய ஐவரி நிறக் கொமட்டை மாற்றப்போவதில்லை என்றால் தூய வெள்ளை டைலை மறந்துவிடுங்கள்.

பலித்து வரும் சில சேர்க்கைகள்: மங்கிய கடல்பச்சைச் சுவருக்கு மணல் நிறத் தரை. வெள்ளைச் சுவருக்கு மண்சிவப்புத் தரை. பழைய சிவப்புச் சீமெந்துத் தரை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது உடனே பிடிக்கும். இளஞ்சாம்பல் சுவருக்கு அதே குடும்பத்தில் இரண்டு படி கடுஞ்சாம்பல் தரை. இளமஞ்சள் சுவருக்குச் சாம்பல் தரை. ஒரே நிறத்தில் இளசும் கடுசும் சேர்க்கும்போது இரண்டும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையிலிருந்து வரட்டும். ஒருவருடைய நீலத்தில் சிவப்புச் சாயலும் மற்றவருடைய நீலத்தில் பச்சைச் சாயலும் இருந்தால் பகலில் பொருந்தினாலும் இரவு பல்பில் பிரிந்து நிற்கும்.

பளபளப்பா, மட்டா?

சுவருக்குப் பளபளப்பு அல்லது அரைப் பளபளப்பு. சோப்பும் உப்பும் சுலபமாகக் கழன்றுவரும், சிறிய யன்னல் வெளிச்சத்தையும் அது இரட்டிப்பாக்கும். முழு மட் பார்வைக்கு மிக நல்லது. ஆனால் கடின நீர் உள்ள வீட்டில் அதன் நுண்துளைகளில் உப்பு உட்கார்ந்தால் தேய்த்தே எடுக்க வேண்டும். தரைக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம்.

அம்மாவுக்கு வயது போய்விட்டது. வழுக்காத தரையை எப்படித் தெரிவது?

கையால் தடவிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காய்ந்த டைல் எல்லாமே கைக்குப் பிடிக்கும். பெட்டியிலோ விவரத் தாளிலோ ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று இருக்கும். இது ஜேர்மன் அளவீடு. சப்பாத்துப் போட்டு, எண்ணெய் பூசிய சரிவில் நடந்து எடுத்தது. குளியலறைக்கு ஆர் 10க்குக் குறையக் கூடாது. வெறுங்காலுக்கென்று சோப்புத் தண்ணீரில் செய்யும் இன்னொரு சோதனையும் உண்டு. அதில் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். 12 பாகை சரிவைத் தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. குளிக்கும் இடத்துக்கு பி இருந்தால் நிம்மதி.

எங்கள் வீடுகளில் நல்லெண்ணெய் முழுக்கும் உண்டு, குளித்தால் முழுத் தரையும் நனையும். ஆகவே குளிக்கும் மூலைக்கு மட்டும் சிறிய டைல், மற்ற இடத்துக்குப் பளபளப்பு என்று பிரிக்காதீர்கள். முழுத் தரைக்கும் ஒரே தரம். சிறிய டைலுக்கு இன்னொரு நன்மை: 100க்கு 100 மில்லிமீற்றர் டைலில் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் ஓர் இணைப்பு வருவதால் காலுக்குப் பிடிமானம் கூடும். தண்ணீர் போகும் வாயை நோக்கி நான்கு பக்கமும் சரிவு எடுக்கவும் அதுதான் சுலபம். 600க்கு 600 டைலில் நான்கு பக்கச் சரிவு வேண்டுமென்றால் மூலைவிட்டமாக வெட்டத்தான் வேண்டும். ஒரே நிறத் தரையில் அந்த வெட்டு நன்றாகத் தெரியும்.

தரைச் சரிவு ஒரு மீற்றருக்கு 15 முதல் 20 மில்லிமீற்றர். அதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில்தான் முதலில் பாசியும் உப்பும்.

எத்தனை பெட்டி வாங்குவது?

5க்கு 8 அடி அறை, 7 அடி உயரம் வரை டைல் என்று எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி. 26ஐ 7ஆல் பெருக்க 182 சதுர அடி. கதவு இரண்டரைக்கு 7 என 17.5, யன்னல் 2க்கு 2 என 4; இரண்டையும் கழிக்க 160.5. வெட்டுக்கும் உடைவுக்கும் 10 வீதம் சேர்க்க ஏறத்தாழ 177 சதுர அடி. தரை 40, அதற்கும் 10 வீதம் சேர்க்க 44.

300க்கு 600 மில்லிமீற்றர் டைல் ஒன்று 1.94 சதுர அடி. “ஒன்றுக்கு இரண்டு அடி” என்று மேசன் கணக்குப் போட்டால் கடைசியில் இரண்டு மூன்று டைல் குறையும். சரியான கணக்கில் 92 டைல். பெட்டியில் 8 என்றால் 12 பெட்டி. தரைக்கு 300க்கு 300 டைல் 46. பெட்டியில் 11 என்றால் 5 பெட்டி. பெட்டிக்கு எத்தனை என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், பெட்டியைப் பார்த்துக் கணக்கிடுங்கள். குறுக்காகப் பதிப்பதென்றால் 10க்குப் பதில் 15 வீதம்.

ஒரே நிற டைலில் மீதியை இறுக்கிப் பிடிப்பது நட்டம். ஆறு மாதம் கழித்து அதே பெயர், அதே எண் டைலைத் தேடிப்போனாலும் அதே நிறம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஏன் கிடைக்காது? ஒரே எண் என்றால் ஒரே நிறம்தானே?

இல்லை. டைல் சூளையில் சுட்டு எடுக்கும் பொருள். மேலே பூசும் மெருகுக் கலவையிலும் சூட்டிலும் சிறு மாற்றம் வந்தாலே நிறம் நகரும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் ஷேட் எண், லொட் எண், பல பெட்டிகளில் கலிபர் எண்ணும் அச்சிட்டிருக்கும். ஷேட் நிறத்துக்கு, லொட் தயாரிப்புத் தொகுதிக்கு, கலிபர் சுட்ட பிறகு வந்த உண்மையான அளவுக்கு. ஒரே நிற டைலின் சிறு நிற வேறுபாட்டை அளக்கவென்றே ஐஎஸ்ஓ 10545-16 என்று தனிச் சோதனை இருப்பதிலிருந்தே இதன் முக்கியம் விளங்கும்.

பெட்டிகளை வாகனத்தில் ஏற்றும் முன், கடை வாசலிலேயே ஒவ்வொன்றின் ஷேட்டையும் கலிபரையும் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கொழும்பிலிருந்து சிறு தொகையாக இறக்குவதால் இங்குள்ள கடைகளில் ஒரே நிறத்துக்கு இரண்டு மூன்று ஷேட் கலந்து கிடப்பது சாதாரணம். 12 பெட்டியும் ஒரே ஷேட்டில் இல்லாவிட்டால் காத்திருந்து எடுப்பிக்கச் சொல்லுங்கள். காத்திருக்க முடியாவிட்டால் ஷேட் மாறும் இடத்தைச் சுவரின் மூலையில் வையுங்கள்: ஒரு சுவர் முழுக்க ஒரு ஷேட், அடுத்த சுவர் முழுக்க மற்றது. மூலையில் வெளிச்சமே மாறுவதால் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே சுவரில் கலந்தால் பொறுக்காது. கலிபர் மாறினால் அதுவும் உதவாது, இணைப்புக் கோடு ஓடிவிடும்.

எந்த அளவு, எப்படி அடுக்குவது?

ஒரே நிறத்தில் அலங்காரம் என்பதே கோடுதான். ஆகவே இதில் நேரம் செலவிடுங்கள்.

300க்கு 600 டைலைக் கிடையாக, கோட்டுக்கு நேர் கோடாக அடுக்கினால் அறை அகலமாகத் தெரியும். 75க்கு 150 போன்ற சிறு நீள்சதுரத்தை நிமிர்த்தி அடுக்கினால் தாழ்ந்த கூரை உயர்ந்து தெரியும். செங்கல் கட்டுப்போல் பாதிக்குப் பாதி தள்ளி வைப்பது சிறு டைலுக்கு அழகு. 600 நீள டைலுக்கு அது ஆகாது: நீள டைலெல்லாம் சுடும்போது நடுவில் நூலளவு வளையும். பாதி தள்ளினால் ஒன்றின் உயர்ந்த நடு, மற்றதன் தாழ்ந்த முனையோடு வந்து சேரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சுவர் முழுக்கப் படிப் படியாக நிழல் விழும். தள்ளித்தான் வைக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

சிறு டைல் எடுப்பவர் ஒரு கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். 300க்கு 600 டைல் பதித்த ஒரு சதுர மீற்றரில் 5 மீற்றர் நீளத்துக்கு இணைப்பு ஓடும். 100க்கு 100 டைலில் 20 மீற்றர். துடைக்க வேண்டிய கிரவுட், அதாவது இணைப்பை நிரப்பும் கலவை, நான்கு மடங்கு. மேசன் கூலியும் கூடும்.

பதிக்கும் முன் சுவரை அளந்து கணக்குப் போடுங்கள். 300 உயரத்தில் 7 வரிசை, இடையில் 2 மில்லிமீற்றர் இணைப்பு ஆறு: மொத்தம் 2112 மில்லிமீற்றர். 7 அடி என்பது 2134. அப்படியானால் 7 அடியைப் பிடிக்க 22 மில்லிமீற்றர்க் கீற்று வெட்டி ஒட்டாமல் 7 வரிசையிலேயே நிறுத்திவிடலாம். பக்கவாட்டில் சுவரின் நடுவிலிருந்து இரு பக்கமும் பிரித்து, இரு மூலையிலும் சம அளவு வெட்டுத் துண்டு வரச் செய்யுங்கள்; அது அரை டைலுக்குக் குறைந்தால் நடுக்கோட்டை அரை டைல் நகர்த்துங்கள். அடி வரிசையைத் தரையிலிருந்து தொடங்க வேண்டாம். தரை சரிவானது. இரண்டாவது வரிசையின் அடியில் நேரான பலகையை மட்டம் பார்த்து ஆணியடித்து, அதன் மேலிருந்து ஏறி, கடைசியில் அடி வரிசையைத் தரைக்கேற்ப வெட்டிப் போடுவதுதான் முறை.

இன்னொன்று: சுவரை ஒட்டி மேலிருந்து கீழே அடிக்கும் விளக்கைப் பளபளப்பு ஒரே நிறச் சுவருக்குப் போடாதீர்கள். நல்ல மேசன் பதித்த சுவரைக்கூட அது மேடு பள்ளமாகக் காட்டும்.

கிரவுட் என்ன நிறம்?

சுவருக்கு டைலின் நிறமே, அல்லது அரைப் படி கடும் நிறம். தரைக்குக் கட்டாயம் கடும் நிறம்: சாம்பல், பழுப்பு, மணல். வெள்ளைக் கிரவுட் தரையில் ஒரு மாரியைக்கூடத் தாங்காது, செம்மண்ணும் கிணற்று இரும்பும் சேர்ந்து பழுப்பாக்கிவிடும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வீட்டில் ஷவர் சுவரிலும் வெள்ளையைத் தவிருங்கள். மஞ்சள் கறை வெயிலில் தானாக மங்கும், ஆனால் குளியலறைச் சுவருக்கு வெயில் எங்கே?

வெள்ளை டைலுக்குக் கறுப்புக் கிரவுட் கேட்பவர் பலர். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் ஒரு மில்லிமீற்றர் கோணலையும் மறைக்காது. மேசனின் வேலை எவ்வளவு நேர்த்தி என்பதை முதலில் வேறு வீட்டில் பாருங்கள். மெருகில் மயிரிழை வெடிப்பு உள்ள அலங்கார டைலில் கடும் கிரவுட்டின் நிறம் உள்ளே இறங்கி நிரந்தரமாகிவிடும். எதுவானாலும் மீதித் துண்டுகள் இரண்டை அட்டையில் ஒட்டி, கிரவுட் போட்டு, ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். ஈரக் கிரவுட்டின் நிறமும் காய்ந்ததன் நிறமும் ஒன்றல்ல.

அளவு: மேலே சொன்ன அறைக்கு 300க்கு 600 டைலும் 2 மில்லிமீற்றர் இணைப்பும் என்றால் சுவருக்கு 2 கிலோ, தரைக்கு 3 மில்லிமீற்றர் இணைப்பில் ஒரு கிலோ. சேதாரத்துக்கும் சேர்த்து 4 கிலோ. அதே சுவருக்கு 100க்கு 100 டைல் போட்டால் சுவருக்கு மட்டும் 6 கிலோவுக்கு மேல்.

கிரவுட் ஓரிடத்தில் கடும் சாம்பல், ஓரிடத்தில் வெளிறல். ஏன்?

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். குழைக்கும்போது கண்ணளவுக்கு ஊற்றியிருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு அளவு. அல்லது துடைக்கும்போது பஞ்சைப் பிழியாமல் நனையத் துடைத்து நிறத்தைக் கழுவியிருப்பார்கள். பையில் எழுதிய அளவுத் தண்ணீரை அளந்து ஊற்றி, குழைத்து, 5 நிமிடம் விட்டு, மறுபடி தண்ணீர் சேர்க்காமல் குழைத்துப் பாவிக்க வேண்டும். குழைப்பதற்குச் சவர் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பே வெளிறலாக மேலே வரும். ஒரு சுவருக்கு ஒரே குழைப்பு.

பசையில் பதிப்பதா, சீமெந்துக் கலவையிலா?

டைலின் பின்பக்கத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது சாதாரண சுவர் டைல். இந்த வகை 10 வீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சும். குமிழி நிற்கும்வரை தண்ணீரில் ஊறவைத்து, மேல் ஈரம் வடியவிட்டு, சீமெந்துக் கலவையில் பதிக்கலாம். பல காலம் நிற்கும். உறிஞ்சாமல் தண்ணீர் முத்தாக நின்றால் போர்சலின். அதன் உறிஞ்சல் 0.5 வீதத்துக்கு உட்பட்டது. சீமெந்துப் பால் அதற்குள் இறங்கிப் பிடிக்க வழியே இல்லை. போர்சலினுக்குப் பசைதான். பசையில் பதிக்கும் எந்த டைலையும் ஊறவைக்கக் கூடாது.

பசைக்குச் சுவர்ப்பூச்சு நேராக இருக்க வேண்டும். 2 மீற்றர் மட்டப்பலகை வைத்தால் இடைவெளி 3 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. பல் வைத்த சாந்தகப்பையால் ஒரே திசையில் கோடிழுத்து, டைலை வைத்துக் கோட்டுக்குக் குறுக்காகச் சற்று அசைத்து அழுத்த வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து ஒட்டுவது மேசன்மாருக்கு விரைவு, உங்களுக்கு நட்டம். உருண்டைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் தண்ணீர் தேங்கும், வாளி பட்டால் அந்த இடம் வெடிக்கும். முதல் மூன்று நான்கு டைலில் ஒன்றைப் பதித்த உடனே கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பசை முழுதாகப் பரவியிருக்க வேண்டும். இந்த அறைக்குச் சுவருக்கும் தரைக்கும் சேர்த்து ஏறத்தாழ 80 கிலோ பசை போகும்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

பெப்ரவரி, மார்ச் மிக நல்லது. நவம்பர், டிசெம்பர் மாரியில் பூச்சு காயாது. புதுப் பூச்சுக்கு நான்கு கிழமை வேண்டும், மாரியில் அதற்கும் மேல். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்றுக்கு எதிர்ப் பிரச்சினை: சுவரில் தடவிய பசைக்குச் சில நிமிடத்தில் தோல் கட்டிவிடும். விரலால் தொட்டால் ஒட்டாமல் போனால் அந்தப் பசை செத்தது. சுரண்டி எறிய வேண்டும், தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்க முடியாது. கச்சானில் வேலை செய்தால் யன்னலுக்குச் சாக்குக் கட்டி, ஒரு தடவைக்கு மூன்று நான்கு டைலுக்கு மட்டும் பசை தடவச் சொல்லுங்கள்.

இணைப்புகளில் வெள்ளைப் பொடி வருகிறது. கழுவினாலும் திரும்ப வருகிறது.

உப்பு. கலவைக்குள் இருக்கும் உப்பை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவருகிறது, காய்ந்ததும் பொடியாகிறது. கடல் மணல் கலந்திருந்தால் வருடக்கணக்கில் வரும். பூச்சுக்கும் பதிப்புக்கும் மகாவலி ஆற்று மணல் என்று உறுதியாகக் கேளுங்கள். சந்தேகமென்றால் ஒரு போத்தலில் மணலும் நல்ல தண்ணீரும் போட்டுக் குலுக்கி, தெளிந்த நீரில் சில துளியைக் கறுப்பு டைலில் காயவையுங்கள். உப்பு இருந்தால் தெரியும்.

ஏற்கனவே பதித்தாகிவிட்டால் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு மறுபடி உள்ளே போகும். ஒரே இடத்தில் நிற்காமல் வந்தால் சுவருக்குள் குழாய் கசிகிறதா என்று பாருங்கள்.

டைலே தண்ணீரைத் தடுக்காதா? தனியாக நீர்காப்பு வேண்டுமா?

வேண்டும். டைல் தடுக்கும், கிரவுட் தடுக்காது. சீமெந்து சார்ந்த நீர்காப்புப் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. தரை முழுவதும், சுவரில் ஓரடி, ஷவர் சுவரில் ஆறடி. காய்ந்த பிறகு தண்ணீர் போகும் வாயை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைல்.

ஓரங்களை எப்படி முடிப்பது?

யன்னல் ஓரத்திலும் வெளிமூலையிலும் வெட்டிய டைலின் உட்பக்கம் தெரியும். ஒரே நிறச் சுவரில் அந்த வெள்ளை அல்லது சிவப்பு விளிம்பு உடனே கண்ணில் குத்தும். இரு டைலையும் 45 பாகையில் சீவிச் சேர்ப்பது அழகு, ஆனால் முனை சில்லுப் போகும்; குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஓரப்பட்டை போடுவதென்றால் கடலுக்கு அருகே அலுமினியம் புள்ளி விழும். பிவிசி, அல்லது 316 தர எவர்சில்வர். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் உள்மூலைகளில் கிரவுட் வேண்டாம், வெடிக்கும். அதே நிறச் சிலிக்கன் போடுங்கள்.

எதைக் கொண்டு கழுவுவது?

குளித்து முடித்ததும் ரப்பர் வைத்த துடைப்பானால் ஷவர் சுவரை மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்துவிட்டால் மற்ற வேலை பாதி குறையும். கிழமைக்கொரு தடவை பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர் போதும். உப்பு படிந்துவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, முதலில் கிரவுட்டை நல்ல தண்ணீரால் நனைத்துவிட்டு, தடவி ஐந்து நிமிடத்தில் கழுவுங்கள். கொமட்டுக்கு ஊற்றும் அசிட்டைச் சுவருக்குக் கொண்டுவராதீர்கள். அது கிரவுட்டைத் தின்னும், சில நிற மெருகையும் மங்கவைக்கும், குழாயின் குரோம் பூச்சையும் உரிக்கும். அசிட்டையும் குளோரினையும் ஒன்றாகச் சேர்த்தால் நச்சு வாயு வரும். மூடிய சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெயில் பட்டு நிறம் மங்குமா?

மங்காது. மெருகின் நிறம் ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல் சுட்டு வந்தது. மங்கியதாகத் தெரிந்தால் அது மேலே படிந்த சோப்பும் உப்பும்.

ஒரே ஒரு டைல் உடைந்துவிட்டது. மாற்றலாமா?

மீதி டைல் இருந்தால் மாற்றலாம். முதலில் நான்கு பக்கக் கிரவுட்டையும் முழு ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். இதை விட்டுவிட்டுத் தட்டினால் பக்கத்து டைலின் முனை போகும். பிறகு நடுவில் துளையிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உளியால் எடுத்து, பழைய பசையை மட்டமாகச் செதுக்கிவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துக் கிரவுட். மீதி டைல்களைப் பெட்டியோடு, ஷேட் எண் தெரியும்படி, நிமிர்த்தி வைத்திருங்கள். கூடவே கிரவுட் பையில் உள்ள நிற எண்ணையும் வெட்டி அதே பெட்டிக்குள் போடுங்கள்.